குடியேறிகள் வந்ததால்தான் பெருநகரங்கள் பாதுகாப்பை இழந்தனவா?

“பெருநகரங்களில் பாதுகாப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது, அதற்குக் கட்டுப்பாடில்லாத குடியேற்றமே காரணம், ஆனால் அதைச் சொன்னால் இனவெறியர் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். உண்மை என்ன?” என்பது கேள்வி. இதற்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, நீண்ட காலப் போக்கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தவறு. இரண்டாவது, எந்த நாடு, எந்தக் குடியேறிகள், எந்தக் குற்றம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மூன்றாவதில், வருத்தத்துக்குரிய அளவுக்கு உண்மை இருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்பவர்களும் ஒரே மூச்சில் மறுப்பவர்களும்தான் இந்த விவாதத்தில் அதிகம் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், குற்றம் உண்மையிலேயே பெருகியிருக்கிறதா என்பதைப் பார்ப்போம். நியூயார்க் நகரில் 1990ஆம் ஆண்டில் 2,245 பேர் கொலை செய்யப்பட்டார்கள். 2017ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 292. இந்த இடைவெளியில் நகரத்தின் மக்கள்தொகை பத்து லட்சம் அளவுக்குக் கூடியது. வெளிநாட்டில் பிறந்தவர்களின் பங்கு 28 விழுக்காட்டிலிருந்து சுமார் 37 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. குடியேறிகள் வந்ததால்தான் கொலை குறைந்தது என்று இதைக்கொண்டு நிறுவிவிட முடியாது. ஆனால் குடியேற்றம் கூடினால் குற்றம் கூடியே தீரும் என்ற விதி ஒன்று இருந்திருந்தால், அது முதலில் பொய்த்த இடம் உலகின் மிகப் பெரிய குடியேறி நகரங்களில் ஒன்றான நியூயார்க்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறைப் பதிவுகளை நம்பாமல் மக்களிடமே நேரில் கேட்டு எடுக்கப்படும் குற்ற ஆய்வு, 1995ஆம் ஆண்டை உச்சமாகக் காட்டுகிறது. அதன் பிறகு, இணைய மோசடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வன்முறை, வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருக்கின்றன. அதே காலத்தில்தான் அங்கே வெளிநாட்டில் பிறந்தவர்களின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காகி, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16.8 விழுக்காட்டைத் தொட்டது.

இறங்குமுகம் ஒரே சீராக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. தேசிய அளவில் ஆவணங்கள் தொகுக்கத் தொடங்கியதிலிருந்து அப்படியொரு தாவல் இருந்ததில்லை. அது பெருந்தொற்றின் காரணமாக எல்லைகள் மூடப்பட்டு, குடியேற்றம் வற்றியிருந்த ஆண்டு. எல்லையில் கூட்டம் அலைமோதிய 2022, 2023ஆம் ஆண்டுகளில் கொலைகள் மீண்டும் இறங்கின. 2023இல் மட்டும் 10 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தன. ஆனால் அதே ஆண்டில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், கடந்த ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்று சொன்னவர்கள் 77 விழுக்காடு.

அப்படியானால் மக்கள் வெறும் பிரமையில் இருக்கிறார்களா? அப்படிச் சொல்வது எளிது, ஆனால் நியாயமல்ல. லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டில் 200ஐத் தாண்டியிருந்த கொலை எண்ணிக்கை 2024இல் 109. கொலையை அளவுகோலாகக் கொண்டால் லண்டன் முன்பைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதே 2024இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் திருடு போனதாகப் பதிவாகியிருக்கிறது. நடைபாதையில் வழி தேடிக்கொண்டு நிற்பவரின் கையிலிருந்து, மின்மிதிவண்டியில் முகத்தை மூடிக்கொண்டு பின்னாலிருந்து வருபவன் ஒரே இழுப்பில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு அடுத்த திருப்பத்தில் மறைந்துவிடுகிறான். புகார் கொடுத்தால் காப்பீட்டுக்கான ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலான வழக்குகளில் விசாரணை அதோடு முடிந்துவிடும். ஒரு சராசரி நகரவாசி தன் வாழ்நாளில் கொலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. இந்தப் பறிப்பைப் பார்க்கிறார், அல்லது தானே அதற்கு ஆளாகிறார். திருட்டுக்கு அஞ்சிக் கடைகளில் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட சவரக்கத்தியும், ரயில் நிலையப் படிக்கட்டில் போதையில் சரிந்து கிடப்பவரும், ஊசிகள் சிதறிக் கிடக்கும் பூங்காவும் குற்றப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. இவை ஒழுங்கு குலைந்துவிட்டது என்ற உணர்வைத் தருகின்றன. அந்த உணர்வு பொய்யல்ல. ஆனால் அந்த உணர்வு தோன்றிய அதே ஆண்டுகளில் தெருவில் காதில் விழும் மொழிகளும் கண்ணில் படும் முகங்களும் மாறியிருந்தால், இரண்டையும் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிரச்சினை அந்த முடிச்சில் இருக்கிறது.

குடியேறிகள் உள்நாட்டவரைவிட அதிகம் குற்றம் செய்கிறார்களா என்ற கேள்விக்கு மிகப் பழமையானதும் மிகத் தெளிவானதுமான பதில் அமெரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. இத்தாலியர்களும் யூதர்களும் போலந்துக்காரர்களும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலத்தில், இதே அச்சத்தின் பேரில் அமைக்கப்பட்ட தில்லிங்காம் ஆணையம் 1911இல் தந்த அறிக்கை, வயதுவந்தோர் தொகை கூடிய அளவுக்கு மேல் குடியேற்றத்தால் குற்றம் கூடியதாகக் காட்டும் திருப்தியான சான்று எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டது. குடியேற்றத்துக்குக் கதவடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்த அதே ஆணையம்தான் இதைச் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். 1931இல், குற்றத்தையும் சட்ட அமலாக்கத்தையும் ஆராய அமைக்கப்பட்ட விக்கர்ஷாம் ஆணையம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் தங்கள் விகிதத்தைவிடக் குறைவாகவே குற்றம் செய்கிறார்கள் என்றது. 1870 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்புகளைக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் அண்மையில் செய்த ஆய்வு, இந்த 150 ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும் குடியேறிகளின் சிறைவாச விகிதம் அமெரிக்காவில் பிறந்த வெள்ளையரின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்ததில்லை என்றும், 1960களுக்குப் பிறகு அது மேலும் தாழ்ந்துவிட்டது என்றும் காட்டுகிறது.

முறையான ஆவணங்களோடு வந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும், சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு மறுப்பு எழும். டெக்சாஸ் மாநிலத்தின் தரவுகள் அதற்கு விடை தருகின்றன. அங்கே கைதாகும் ஒவ்வொருவரின் விரல்ரேகையும் கூட்டாட்சி அரசின் குடியேற்றப் பதிவுகளோடு ஒப்பிடப்படுவதால், கைதானவர் குடிமகனா, அனுமதி பெற்ற குடியேறியா, ஆவணமற்றவரா என்பது மற்ற மாநிலங்களைப் போலல்லாமல் அங்கே தெரியவருகிறது. 2012 முதல் 2018 வரையிலான அந்தத் தரவுகளின்படி, அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் ஆவணமற்ற குடியேறிகளின் விகிதத்தைவிட இரு மடங்குக்கும் மேல்; சொத்துக் குற்றங்களில் நான்கு மடங்குக்கும் மேல். காரணம் ஊகிக்க முடியாததல்ல. அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்தவர்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினாலே நாடுகடத்தப்படலாம் என்று தெரிந்தவர்கள். கிடைத்த வேலையை இழந்தால் இன்னொன்று கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர்கள்.

இதே முடிவை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஐரோப்பாவுக்குப் பொருத்துபவர்கள் தவறு செய்கிறார்கள். அங்கே படம் வேறு. ஜெர்மனியின் காவல்துறைப் புள்ளிவிவரப்படி 2023இல் குற்றச் சந்தேக நபர்களில் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்கள் ஏறத்தாழ 41 விழுக்காடு. வெளிநாட்டவர் மட்டுமே செய்யக்கூடிய குடியேற்றச் சட்ட மீறல்களைக் கழித்தாலும் 34 விழுக்காடு. மக்கள்தொகையில் அவர்களின் பங்கு சுமார் 15 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் நேராக வகுத்துவிடக் கூடாது. சந்தேக நபர்களின் பட்டியலில் சுற்றுலாப் பயணிகளும், எல்லை தாண்டி வந்து திருடிவிட்டுப் போகும் கும்பல்களும் இருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் இல்லை. குடியேறிகளில் இளைஞர்கள் அதிகம், ஆண்கள் அதிகம், அவர்கள் வாழ்வது பெரும்பாலும் பெருநகரங்களில். இந்த மூன்றும் எந்த இனத்தவரிடையேயும் குற்ற விகிதத்தைக் கூட்டுபவை. தெரிந்தவர் அடித்தால் புகார் கொடுக்கத் தயங்கும் ஒருவர், அந்நியர் அடித்தால் தயங்குவதில்லை. இவ்வளவையும் கழித்த பிறகும் சில பிரிவினரிடம் ஒரு மிச்சம் நிற்கிறது என்பதே நேர்மையான வாசிப்பு. எல்லா வேறுபாட்டையும் வயதுக்கும் பாலினத்துக்கும் கணக்கெழுதிவிடும் கட்டுரைகள் வாசகரின் நம்பிக்கையை இழப்பது இந்த இடத்தில்தான்.

அந்த மிச்சம் யாரிடம் நிற்கிறது என்பதே உண்மையில் பயனுள்ள கேள்வி. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில் 2014க்கும் 2016க்கும் இடையில் பதிவான வன்முறைக் குற்றங்கள் 10.4 விழுக்காடு உயர்ந்தன. அந்த உயர்வில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது புதிதாக வந்த அகதிகளோடும் அடைக்கலம் கோரியவர்களோடும் தொடர்புடையது என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. தலைப்புச் செய்தி அதோடு நின்றுவிட்டது, ஆய்வு நிற்கவில்லை. அங்கே பதிவான அடைக்கலம் கோரியோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அகதிகளிடையே வன்முறைக் குற்றச் சந்தேக நபர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மாறாக, ஒரு விழுக்காடுகூட இல்லாத அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா நாட்டவர்கள் அந்தச் சந்தேக நபர்களில் 17 விழுக்காடு. முன்னவர்களுக்கு ஜெர்மனியில் தங்க அனுமதி கிடைக்கும் வாய்ப்பு நிறைய இருந்தது; மொழி கற்று, வேலை தேடி, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். பின்னவர்களுக்குத் தங்கள் மனு நிராகரிக்கப்படும் என்பது ஏறத்தாழ முதல் நாளிலேயே தெரியும். இழப்பதற்கு ஏதாவது இருப்பவனும் எதுவும் இல்லாதவனும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இந்த விஷயத்தில் சட்டத் தகுதிக்கும் வேலை செய்யும் உரிமைக்கும் உள்ள எடையை மிகத் துல்லியமாகக் காட்டியது இத்தாலியில் தற்செயலாக அமைந்த ஒரு சோதனை. 2007ஆம் ஆண்டுக்கு 1,70,000 வதிவிட அனுமதிகளை ஒதுக்கிய இத்தாலிய அரசு, விண்ணப்பங்களை இணையத்தின் வழியாக மட்டுமே பெற்றது. டிசம்பர் மாதத்தில் குறிக்கப்பட்ட நாட்களில் காலை 8 மணிக்கு இணையதளம் திறக்கும். முதலில் வருபவருக்கு முதலில். ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொரு மாகாணத்தின் பங்கும் மிகக் குறுகிய நேரத்தில் தீர்ந்தது. ஆகவே ஒரு குறிப்பிட்ட நிமிடத்துக்கு முன் யாருடைய விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததோ அவருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த நிமிடம் போய்ச் சேர்ந்தவருக்குக் கிடைக்கவில்லை. பலர் ஏற்கெனவே இத்தாலிக்குள் ஆவணமின்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். இரு தரப்பினருக்கும் வயதிலோ, நாட்டிலோ, குணத்திலோ எந்த வேறுபாடும் இருக்கக் காரணமில்லை. இணைய இணைப்பின் வேகத்தில் மட்டுமே வேறுபாடு. அடுத்த ஆண்டின் காவல்துறைப் பதிவுகளோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அனுமதி கிடைத்தவர்களின் குற்ற விகிதம் கிடைக்காதவர்களின் விகிதத்தில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஒரே மனிதர்கள்தான், கையில் ஒரு தாள் இருந்ததும் இல்லாததும்தான் வேறு. இந்த ஆய்வை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், குற்றம் ஒரு பண்பாட்டின் இரத்தத்தில் ஊறியது என்ற பேச்சை முன்போல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பிரிட்டனில் வந்த இரண்டு அலைகளும் இதையே சொல்கின்றன. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த அடைக்கலம் கோரியோருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை, அல்லது பல மாதங்கள் கழித்தே கிடைத்தது. அவர்கள் அதிகமாகக் குடியமர்த்தப்பட்ட பகுதிகளில் சொத்துக் குற்றங்கள் சிறிதளவு உயர்ந்தன. 2004க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவின் எட்டு நாடுகளிலிருந்து இதைவிடப் பெரிய எண்ணிக்கையில் வந்தவர்கள் இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாம். அவர்கள் குடியேறிய பகுதிகளில் சொத்துக் குற்றம் கூடவில்லை. வன்முறைக் குற்றத்தில் இரு அலைகளாலும் மாற்றமில்லை. சுவிட்சர்லாந்தில், சிறு வயதில் உள்நாட்டுப் போரை அனுபவித்துவிட்டு வந்த அடைக்கலம் கோரியோர், அதே நாட்டிலிருந்து வந்த மற்றவர்களைவிட வன்முறைக் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம் என்று கண்டறியப்பட்டது. போர் மனத்தில் விட்டுச் செல்லும் தழும்பு உண்மையானது என்பதே இதன் பொருள். ஆனால் அடைக்கலம் கோரியோருக்கு வேலைச் சந்தையைத் திறந்துவிட்ட மாகாணங்களில் அந்தக் கூடுதல் காணாமல் போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும், அடைக்கலம் கோருபவர்களை ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய விடாமல் விடுதி அறைகளில் அடைத்து வைப்பதைக் கண்டிப்பு என்று அரசுகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு விளங்காத ஒன்று. 20 வயது இளைஞர்கள் நூறு பேரை, வேலையும் இல்லாமல், மொழி வகுப்பும் இல்லாமல், எந்த நாள் என்ன முடிவு வரும் என்றும் தெரியாமல் ஒரே கட்டடத்தில் வைத்தால், அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அக்கம்பக்கத்தாரின் புகார் நியாயமாகத்தான் இருக்கும்.

ஸ்வீடனின் நிலை இவற்றிலிருந்தும் வேறுபட்டது, அதிகம் கவலை தருவது. சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் அந்த நாட்டில் 2022இல் மட்டும் துப்பாக்கிச் சூட்டில் 62 பேர் இறந்தார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளில் துப்பாக்கிக் கொலை குறைந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே கூடிக்கொண்டிருந்தது. அந்நாட்டின் குற்றத் தடுப்பு மன்றம் 2021இல் வெளியிட்ட கணக்கில், இரு பெற்றோரும் ஸ்வீடனில் பிறந்த ஸ்வீடன்காரரோடு ஒப்பிட, வெளிநாட்டில் பிறந்தவர் குற்றச் சந்தேக நபராகப் பதிவாகும் வாய்ப்பு 2.5 மடங்கு, ஸ்வீடனிலேயே பிறந்து, இரு பெற்றோரும் வெளிநாட்டவராக இருப்பவருக்கோ 3 மடங்குக்கும் மேல். வருமானம், வயது, வசிப்பிடம் ஆகியவற்றைச் சமன்செய்தால் இடைவெளி வெகுவாகக் குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. வந்தவர்களைவிட அவர்களின் பிள்ளைகளிடம் விகிதம் கூடுதல் என்பதுதான் இதில் உற்றுப் பார்க்க வேண்டியது. அந்தப் பிள்ளைகள் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. ஸ்வீடனின் பள்ளிகளில் படித்து, ஸ்வீடனின் புறநகர் அடுக்ககங்களில் வளர்ந்தவர்கள். இன்று அங்குள்ள கும்பல்கள் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களைக் கைப்பேசிச் செயலிகள் வழியாகத் தொகை பேசிக் கொலைக்கு அனுப்புகின்றன. அந்த வயதில் தண்டிக்கச் சட்டம் இடம் தராது என்பதே அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம். எல்லையை இன்றே மூடினாலும் இந்தச் சிறுவர்களின் பிரச்சினை தீராது.

சிக்காகோவில் எடுக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்விலும், முதல் தலைமுறைக் குடியேறிகள் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு மூன்றாம் தலைமுறை அமெரிக்கரைவிட 45 விழுக்காடு குறைவு என்று தெரியவந்தது. தலைமுறை நகர நகர, நல்லதிலும் கெட்டதிலும் உள்ளூர்ச் சராசரியை நோக்கி நகர்கிறார்கள். எந்தத் தெருவின் சராசரி என்பதுதான் கேள்வி. டென்மார்க் 1986 முதல் 1998 வரை அகதிக் குடும்பங்களை நாடெங்கும் பிரித்துக் குடியமர்த்தியது. எந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போகும் என்பது பெரும்பாலும் குலுக்கல் போலவே அமைந்தது. இளம் குற்றவாளிகள் அதிகமிருந்த பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள், வளர்ந்த பிறகு தாங்களும் தண்டனை பெறும் வாய்ப்பு மற்ற சிறுவர்களைவிட அதிகமாக இருந்தது. சிறுமிகளிடம் இந்த விளைவு தென்படவில்லை.

நம்மவர்களிடமே இதற்குச் சான்று உண்டு. 1990களில் டொரோண்டோவில் ஈழப்போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் இளைஞர்கள் சிலர் இரு குழுக்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், தமிழர் என்றாலே வன்முறைக் கும்பல் என்று அந்நகர நாளேடுகள் எழுதின. 2001இல் காவல்துறை பெரும் எண்ணிக்கையில் கைது நடவடிக்கை எடுத்தது; சமூக அமைப்புகளும் இளைஞர்களிடையே வேலை செய்தன; பெற்றோர் மெல்ல மெல்லக் காலூன்றினார்கள். இன்று அந்த நகரில் தமிழ்க் கும்பல் என்பது பெரியவர்களின் பழங்கதை. எண்ணிக்கை குறைந்ததால் இது நிகழவில்லை; அங்கே தமிழர் தொகை அதற்குப் பிறகும் பெருகியது. குற்றவாளிகள் சிலரைத் தனியே பிரித்தெடுத்துத் தண்டித்ததும், மற்றவர்களுக்கு வழி திறந்திருந்ததும் சேர்ந்தே இதைச் செய்தன.

இனி, வாய் அடைக்கப்படுகிறது என்ற புகாருக்கு வருவோம். 2015 டிசம்பர் 31 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரின் மைய ரயில் நிலையத்துக்கும் பேராலயத்துக்கும் இடைப்பட்ட திறந்தவெளியில் பெண்கள் கூட்டத்துக்குள் சூழப்பட்டு, தொட்டுத் துன்புறுத்தப்பட்டு, பணப்பையும் கைப்பேசியும் பறிக்கப்பட்டார்கள். மறுநாள் காலை நகரக் காவல்துறை வெளியிட்ட அறிக்கை, கொண்டாட்டங்கள் பெரும்பாலும் அமைதியாக நடந்தேறின என்றது. முடிவில் ஏறத்தாழ 1,200 புகார்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 500 பாலியல் குற்றம் பற்றியவை. சந்தேகிக்கப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்க நாட்டவர்கள் என்பது நாட்கள் கழித்தே வெளியில் வந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் நகரக் காவல்துறைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அன்றிரவு நடந்ததைக் காலையிலேயே உள்ளபடி சொல்லியிருந்தால், அது ஒரு குற்றத்தின் செய்தியாக இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதால், அதிகாரிகளும் ஊடகங்களும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்ற நம்பிக்கை பல ஆண்டுகளுக்கு வேரூன்றியது.

இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. 1997 முதல் 2013 வரை அங்கே சுமார் 1,400 சிறுவர் சிறுமியர் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக அலெக்சிஸ் ஜே நடத்திய சுதந்திர விசாரணையின் 2014ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. குற்றவாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆசியர் (பிரிட்டிஷ் வழக்கில் இது பெரும்பாலும் தெற்காசியரைக் குறிக்கும்) என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். இனவெறியர் என்ற பழி வருமோ என்று அஞ்சி அதை எழுதத் தயங்கியதாக ஊழியர்கள் சிலர் விசாரணையில் கூறினார்கள். அந்தத் தயக்கம் மட்டுமே காரணமென்று சொல்வதும் பிழை. ஏழைச் சிறுமிகளின் சொல்லைக் காவலர்கள் மதிக்கவே இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இத்தகைய குற்றங்களில் ஈடுபட்டவர்களில் மூன்றில் இரு பங்கினரின் இனப் பின்னணி பதிவு செய்யப்படவே இல்லை என்று பிரிட்டிஷ் அரசின் கோரிக்கையின் பேரில் லூயிஸ் கேசி நடத்தி 2025இல் வந்த தணிக்கை கண்டது. பதிவு இல்லாத இடத்தில் வதந்தி குடிகொள்ளும். ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு எதிரான சிறந்த கருவி துல்லியமான பதிவுதான். டெக்சாஸ் பதிவு செய்ததால்தான் ஆவணமற்றவர்கள் மீதான பழி பொய் என்று நிறுவ முடிந்தது. உண்மையை மறைத்துக் குடியேறிகளுக்கு நன்மை செய்வதாக நினைத்த அதிகாரிகள், ஒரு தவறும் செய்யாத லட்சக்கணக்கான குடியேறிகளின் மேல் சந்தேகத்தைப் பரப்பினார்கள் என்பதே என் கருத்து.

குற்றம் ஒரு நகரம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பது இந்த விவாதத்தில் போதுமான அளவு பேசப்படாத இன்னொன்று. மினியாபொலிஸ் நகரில் 1980களில் வந்த காவல் அழைப்புகளில் பாதி, நகரிலுள்ள முகவரிகளில் வெறும் 3 விழுக்காட்டிலிருந்து வந்தவை. சியாட்டிலில் 14 ஆண்டுகளாகக் குற்றங்களில் பாதி 5 விழுக்காடு அளவிலான தெருத்துண்டுகளிலேயே நிகழ்ந்தது. அவையும் ஆண்டுக்கு ஆண்டு பெரும்பாலும் அதே தெருக்கள். ஆகவே நகரம் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது, பெரும்பாலும் ஒரு நிலையத்தையும் இரண்டு மூன்று சந்திப்புகளையும்தான் சொல்கிறார். அந்த இடங்களைச் சீர்படுத்துவது முடியாத காரியமல்ல. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்தியபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. பிலடெல்பியாவில் குப்பை மண்டிக் கிடந்த காலிமனைகளைத் துப்புரவாக்கி, புல் விதைத்து, தாழ்வான மரவேலி போட்டதில், வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. பாஸ்டனில் 1996இல், ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த சில கும்பல்களின் உறுப்பினர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த கொலைக்கு முழுக் கும்பலும் விலை கொடுக்க நேரும் என்ற எச்சரிக்கையையும், விலகி வருபவருக்கு வேலையும் உதவியும் உண்டு என்ற உறுதியையும் ஒரே மேசையில் வைத்தார்கள். இளைஞர் கொலைகள் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. இவற்றில் எதற்கும் யார் எங்கே பிறந்தார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாடுகடத்துதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை, தண்டனைக் காலம் முடிந்ததும் திருப்பி அனுப்புவது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. அதை எதிர்ப்பவர்கள் மற்ற குடியேறிகளுக்கு உதவி செய்யவில்லை. ஆனால் வலையைப் பெரிதாக வீசினால் நகரம் பாதுகாப்பாகிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கா 2008இல் தொடங்கி நாடு முழுவதும் விரித்த ஒரு திட்டத்தில், உள்ளூர்ச் சிறைக்குள் வரும் ஒவ்வொருவரின் குடியேற்ற நிலையும் சரிபார்க்கப்பட்டு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். அது முன்னதாக நடைமுறைக்கு வந்த மாவட்டங்களையும் பின்னர் வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டபோது, குற்ற விகிதத்தில் காணத்தக்க விளைவு எதுவும் இல்லை. அனுப்பிவிட்டால் பிரச்சினை எல்லைக்கு அப்பால் போய்விடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. எம்.எஸ்.-13 என்ற கொடிய கும்பல் எல் சால்வடோரில் பிறந்ததல்ல. உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த சால்வடோரியர்களின் பிள்ளைகளிடையே 1980களில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் உருவானது. 1990களில் அதன் உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக, போரால் சிதைந்து கிடந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2015இல் எல் சால்வடோரின் கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 100ஐத் தாண்டியது. அங்கிருந்து உயிருக்கு அஞ்சித் தப்பியவர்கள் மீண்டும் அமெரிக்க எல்லையில் வந்து நின்றார்கள்.

பெருவாரியான நாடுகடத்தல் பற்றிய அச்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. குற்றம் மிகுந்த தெருக்களில் மலிவான வாடகைக்குக் குடியிருப்பவர்களில் பலர் குடியேறிகள். ஆகவே வழிப்பறிக்கும் கட்டாய வசூலுக்கும் வீட்டு வன்முறைக்கும் முதலில் ஆளாகிறவர்களும், குற்றவாளியை அடையாளம் காட்டக்கூடிய சாட்சிகளும் அவர்களே. காவல் நிலையத்துக்குப் போனால் தன் ஆவணத்தைக் கேட்பார்கள் என்று அஞ்சும் ஒரு பெண், அடிக்கும் கணவனைப் பற்றியும் சொல்ல மாட்டாள், எதிர்வீட்டு வாசலில் போதைப்பொருள் விற்பவனைப் பற்றியும் சொல்ல மாட்டாள். நெதர்லாந்தில் ஆவணமற்றவர் காவல் நிலையத்துக்குள் சுதந்திரமாக வந்து, புகார் கொடுத்துவிட்டு, சுதந்திரமாக வெளியேறலாம் என்ற நடைமுறை நாடு முழுவதும் வந்திருக்கிறது. அமெரிக்காவில், குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு ஒத்துழைக்கும் குடியேறிக்கு யூ விசா என்ற தனி அனுமதியைத் தர 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். ஆனால் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பிட்டதால், லட்சக்கணக்கான மனுக்கள் தேங்கி, சாட்சி சொல்லிவிட்ட ஒருவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நகரப் பாதுகாப்பைத் தங்கள் முதல் கவலையாகச் சொல்லும் அரசியல்வாதிகள் அந்த வரம்பை உயர்த்தப் போராடுவதை நான் அதிகம் கண்டதில்லை.